ஆந்தை கேம் சிஸ்டர்

சிஸ்டரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் கண்ணை மூடிக்கொள்வதுதான். டிவி கேமில் கேசட்டைச் செருகி, பவரைப் போட்டு, திரையில் படம் வருவதற்குள் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். வலது கை கழுத்துச் சிலுவையைப் பிடித்திருக்கும். இடது கைக் கட்டைவிரல் ரீசெட் பட்டன் மேல் இருக்கும்.

"வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு சிஸ்டர்."

"யார்னா இருக்காங்களா?"

நான் திரையில் இருக்கும் பெயர்களைப் படிப்பேன். ராஜா. சுபா. அஜ்மல். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விடுவார். கடைசிப் பெயரும் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். தேடி வந்த பெயர் அதில் இல்லை என்பது முகத்தில் தெரிந்துவிடும். என்ன பெயரைத் தேடுகிறார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

அப்போது லஸ் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், பழைய டிவி கேம்களை வாங்கி விற்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படிக்கட்டில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் முப்பது, நாற்பது வயது ஆண்கள். சின்ன வயதில் அழுது கேட்டும் கிடைக்காததை இப்போது சொந்தச் சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு நாள், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, காட்டன் புடவையும் கையில் துணிப்பையுமாக மூச்சு வாங்க மாடியேறி வந்து, "ஆந்தை கேம் கீதா தம்பி?" என்று கேட்டார். பேரனுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்ததும், "இதுக்குள்ள யார் இருக்காங்கன்னு கொஞ்சம் போட்டுப் பாத்துச் சொல்றியா?" என்றார். ஆவி, கீவி என்று ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் முதலில் பயந்தேன்.

அவர் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸ் வேலையை விட்டாலும் நர்ஸம்மாவை யார் விடுகிறார்கள்? தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். இப்போது என் கடையும் இல்லை, சிஸ்டரும் சாந்தோமில் இல்லை.

ஆந்தை கேம் என்பது மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர். உண்மையான பெயர் அட்டையில் ஜப்பான் எழுத்தில் இருந்தது, அதை யார் படிப்பது? அதன் மேலே ஓர் ஆந்தை படம் இருந்தது, போதும் என்று விட்டுவிட்டார்கள். ஓர் ஆள் கையில் வாளோடு காடு, மலை, குகை எல்லாம் அலைந்து, காணாமல் போன ஏழு மணிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிகிற கதை இல்லை, வாரக்கணக்கில் ஓடும். அதனால் கேசட்டுக்குள்ளேயே ஒரு ரூபாய் நாணயம் அளவில் பேட்டரி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆடுகிறவர் பெயரையும், எதுவரை போய் நிறுத்தினார் என்பதையும் அந்தப் பேட்டரிதான் மறக்காமல் பிடித்துவைத்திருக்கும். மூன்று பேர் வரை பெயர் போடலாம். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து.

நம் ஊருக்கு அது சிங்கப்பூரிலிருந்து வந்த மாமாக்களின் பெட்டியில், சோப்புக்கும் சட்டைத் துணிக்கும் நடுவே வந்து இறங்கியது. பின்னாலேயே பஜாரில் டூப்ளிகேட் வந்தது. டூப்ளிகேட்டில் பேட்டரி கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு, நாளைக்கு மறுபடியும் முதல் குகையிலிருந்து. அதனால் ஒரிஜினலுக்கு அன்றைக்கே மவுசு. இன்றைக்குச் சேகரிக்கிறவர்கள் கதையே வேறு. முதல் முதலாக அச்சடித்த அட்டையில் ஆந்தைக்குச் சிவப்புக் கண், பிறகு வந்ததில் மஞ்சள் கண். சிவப்புக் கண் என்றால் ஆள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவான். இதையெல்லாம் நான் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். சிஸ்டரிடமும் ஒப்பித்தேன். "கண்ணு இன்னா கலரா இருந்தா இன்னா தம்பி, உசுரு கீதா பாரு" என்றார்.

தேடிய பெயர் இல்லாவிட்டாலும் அந்தக் கேசட்டைத் திருப்பித் தர மாட்டார், வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஏன் என்று கேட்டேன். "நா விட்டுட்டுப் போனா வேற யார்னா வாங்கி, அழிச்சிட்டு அவங்க பேரு போட்டுக்குவாங்க. பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரியில் அப்படி முப்பதுக்கு மேல் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒரு துண்டு வெட்டி ஒட்டி, உள்ளே இருக்கும் பெயர்களையும் வந்த தேதியையும் பேனாவால் எழுதியிருப்பார். மாதம் ஒரு நாள் வரிசையாகப் போட்டுப் பார்த்து, பெயர் இருந்தால் பக்கத்தில் ஒரு டிக். பெயர் போய்விட்டிருந்தால் ஒரு சின்னச் சிலுவை. பேட்டரிக்கும் ஆயுசு உண்டு இல்லையா? இருபது, இருபத்தைந்து வருடத்தில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "இந்த மாசம் ரெண்டு போய்டுச்சு தம்பி" என்று வார்டு நிலவரம் மாதிரி என்னிடம் சொல்வார்.

அடையாற்றில் ஒரு நண்பன். சாப்ட்வேர்காரன். உலகத்தில் எங்கே சிவப்புக் கண் ஆந்தை விலைக்கு வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். சிஸ்டரிடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு சாந்தோமுக்குப் போனான். அலமாரியைத் திறந்து பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆந்தையின் சிவப்புக் கண் மேலேயே பிளாஸ்திரி!

"மச்சி, இதப் பிச்சா லேபிள் மொத்தமும் கையோட வந்துடும்டா" என்றான். அழாத குறை. அப்படியும் ஒரு நல்ல விலை சொன்னான்.

சிஸ்டர் அந்தக் கேசட்டை வாங்கிப் பிளாஸ்திரியைப் படித்தார். "இதுல விமலா, பாபு ரெண்டு பேரு கீறாங்க. அவுங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கினு வா, குடுக்கறேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

பயம்தான் சிஸ்டர். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லஸ் சிக்னலில் யாராவது ஒருவர் கூட வராமல் ரோட்டைக் கடக்க மாட்டார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போவார். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். எல்லாவற்றையும்விட ஸ்விட்ச். எதையாவது அணைக்க வேண்டும் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். ஆந்தை கேமில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பவரை அணைக்க வேண்டும். சும்மா அணைத்தால் அந்த ஒரு நொடியில் உள்ளே இருப்பது கலைந்துபோகலாம். கலைந்தே ஆகும் என்றில்லை, போகலாம் என்பதுதான். அந்த "லாம்" அவரைப் பிடித்து ஆட்டியது. கடைசியில் மிக்ஸியை அணைப்பதற்குக்கூட ஒரு நொடி நின்று, சிலுவை போட்டுக்கொண்டு அணைக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம். கடையில் அவர் புதிதாக வந்த ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டென்று கரண்ட் போனது. சிஸ்டர் கத்திய கத்தலில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். ஜன்னல் இல்லாத அந்த இருட்டில் ரீசெட்டை விடாமல் அழுத்திப் பிடித்தபடி, கரண்ட் திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். போன கரண்டுக்கு இப்போது அழுத்தி என்ன பிரயோஜனம் என்று நான் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் வரவில்லை. புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அன்றைக்கு உள்ளே இருந்த பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அவருடைய பயம் தொற்றிக்கொண்டது அன்றைக்குத்தான்.

இதே சிஸ்டர், ஒரு நாள் கேசட்டைத் திறக்கும்போது கத்தி வழுக்கி என் உள்ளங்கையில் இறங்கியபோது எப்படி இருந்தார் தெரியுமா? ரத்தத்தைப் பார்த்து எனக்குக் கண் இருட்டியது. அவர் என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முந்தானையால் அழுத்தி, ஆட்டோவை நிறுத்தி, டாக்டர் தையல் போட்டு முடிக்கும்வரை என்னிடம் நேற்று வைத்த மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விரல் ஒரு துளி நடுங்கவில்லை.

திரும்பி வரும்போது, "ரத்தம் பாத்தா பயமில்லயா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ரத்தம் இன்னா தம்பி பண்ணும்? வார்டுல கத்துற பேஷண்ட்டப் பாத்துக்கூட எனக்குப் பயமே கெடயாது. கத்தறான்னா உசுரு கீதுன்னு அர்த்தம். கத்தாம படுத்துக்கினு இருக்கான் பாரு, அவங்கிட்டதான் ஓடணும்."

கொஞ்ச தூரம் போனதும் தானாகவே ஆரம்பித்தார். "எம் பையன் கத்தல தம்பி."

அவருக்கு ஒரே மகன். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். மகனுக்குப் பதிமூன்று வயதில் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ஆந்தை கேமைக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் அதிலேயே கிடந்தான். இவருக்கோ டியூட்டி மாறி மாறி வரும். ஒரு அரையாண்டுப் பரீட்சையில் மூன்று பாடத்தில் போனது. மறுநாள் காலை, பையன் பள்ளிக்கூடம் போன பிறகு, தெருவில் பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் கொடுக்கிற வண்டி வந்தது. டிவி கேம், கேசட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு நீல பக்கெட் வாங்கிக்கொண்டார்.

"சாயந்தரம் வந்தான். டிவிக்குக் கீழப் பாத்தான். என்னப் பாத்தான். கத்துவான், அடிப்பான்னு நெனச்சுக்கினு நின்னேன். ஒண்ணுமே சொல்லல. கை கழுவினு வந்து சாப்ட்டான். அன்னைலேர்ந்து எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல தம்பி. ஒரு சட்ட கேட்டதில்ல, ஒரு பொங்கல் இனாம் கேட்டதில்ல. நல்லாப் படிச்சான். வெளிநாடு போனான். ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான். 'மாத்திரை சாப்ட்டீங்களா, பிரஷர் பாத்தீங்களா.' அஞ்சு நிமிஷம். அந்த போன் வந்தா நா ஒடனே எடுக்க மாட்டேன். எம் புள்ளைக்கு என்னியப் புடிக்கலன்னு அவன் வாயாலக் கேட்டுடுவேனோன்னு பயம்."

அதனால்தான் தேடினார். மகன் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பதினொரு வருடம் கழித்து வருகிறான். அதற்குள் அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்து, அவன் விட்ட இடத்திலேயே அப்படியே அவன் கையில் கொடுக்க வேண்டும். அவனுக்குச் செய்த அநியாயத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"பேரு இன்னா போட்டிருந்தான் சிஸ்டர்?"

ஆட்டோக்காரர் காதில் விழாமல் என் பக்கம் குனிந்தார். "யார்கிட்டயும் சொல்லாத. பேரு தெரிஞ்சா டூப்ளிகேட் போட்டுக் குடுத்துடுவாங்கன்னுதான் இத்தினி நாளு சொல்லல. அப்பு."

அந்தப் பெயரை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

சிஸ்டர் முதல் தடவை என் கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அசோக் நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் ஒரு சாக்கு நிறையப் பழைய சாமான் போட்டார்கள். அதில் ஓர் ஆந்தை, மஞ்சள் கண். வழக்கம்போல ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்பு என்று ஒரு பெயர். அதன் கீழே மம்மி என்று ஒரு பெயர். அடடா, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு என்ன செய்தேன்? பழைய பேட்டரியைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்து சால்டர் செய்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு நேர்மை. வாங்குகிறவருக்கு இன்னும் இருபது வருடம் கவலையில்லாமல் புது பேட்டரி போட்டுத் தருவது. பழைய பேட்டரி போனால் பழைய பெயரும் போகும். வெளியிலிருந்து இரண்டு செல்லை இணைத்துக் கரண்ட் கொடுத்துக்கொண்டே மாற்றினால் பெயர் போகாது. ஐந்து நிமிட வேலைதான். யாரோ ஒருவருடைய பெயருக்காக அதை யார் செய்வார்கள்? நான் செய்யவில்லை.

அட்டை கிழிந்திருந்ததால் அது விற்காமல் ஷோகேஸில் அப்படியே கிடந்தது. சிஸ்டர் முதல் நாளே அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று இடமும் காலி. "இது யாருமே இல்லாத வீடு" என்று திருப்பி வைத்தார்.

அன்றைக்கு அவரை வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்கு வந்து அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையல் போட்ட கை விண்விண் என்று தெறித்தது. சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? மறுநாள் வந்தார், வாயைத் திறந்தேன், "டீ சாப்புடறீங்களா சிஸ்டர்" என்று கேட்டுவிட்டு மென்று விழுங்கினேன். அதற்கடுத்த நாளும் டீ. அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே அந்தக் கேசட்டை டிராயருக்குள் தள்ளி மூட ஆரம்பித்தேன். ஒரு வருடமாக அவரைப் பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தவன் நான்.

கடைசியில், அவர் எதற்குப் பயந்து பெயரை மறைத்தாரோ அதையே செய்தேன். அந்தக் கேசட்டில் அப்பு என்று பெயர் போட்டு ஆட ஆரம்பித்தேன். "இன்னும் ஒரே மணிதான் மம்மி பாக்கின்னு சொல்லிக்கினே இருப்பான்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஏழில் ஆறு மணிகளை எடுத்தாக வேண்டும். தினமும் காலை கடை திறப்பதற்கு முன் மூன்று மணி நேரம். நான் விற்பதில்தான் கெட்டிக்காரன், ஆடுவதில் இல்லை. நாலாவது குகையில் மட்டும் ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஆறாவது மணி கிடைத்ததும் நிறுத்தி, கீழே மம்மி என்று ஒரு பெயரைப் போட்டு, அதை ஆடாமல் அப்படியே விட்டேன். முதல் நாள் பார்த்ததுதான் என்று சிஸ்டர் கண்டுபிடிக்காமல் இருக்க, கிழிந்த அட்டையையும் மேலே இருந்த "புது பேட்டரி" ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தேன். சுரண்டும்போது திருட்டு வேலை செய்கிறோம் என்று நன்றாகவே தெரிந்தது.

"ராயப்பேட்டையில ஒருத்தர் வீட்ல கெடச்சுது சிஸ்டர்" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

வழக்கம்போலக் கண்ணை மூடினார். "யார்னா இருக்காங்களா?"

"அப்பு."

கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் ஆடியது. நான் பயத்தில் அவசரப்பட்டு, "கீழ மம்மி" என்றேன்.

சட்டென்று கண்ணைத் திறந்தார். "இன்னா சொன்ன?"

திரையைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய் அந்த ஐந்து எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு போட்டு வெச்சிருந்தானா? எங்கிட்ட சொல்லவே இல்லயே தம்பி. நா பக்கத்துலயே உக்காந்து பாத்தது கெடயாதே." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

இப்போது மாட்டிக்கொண்டது நான். இது போலி என்று சொன்னால் அந்த மம்மியும் போலி என்று நினைப்பார். ஆனால் நான் செய்ததில் உண்மையானது அந்த ஒன்றுதான். அதை என் கண்ணால் பார்த்தேன். சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மகன் வருவான், போட்டுப் பார்ப்பான், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை படியில் செருப்புச் சத்தம். நாற்பதை நெருங்கும் ஒருவர். அதே மூக்கு, அதே நெற்றி. கையில் அந்தக் கேசட். கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிரதர், இத நீங்கதான் மம்மிக்குக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"இது நான் ஆடினது இல்ல. அப்பு பேருக்குப் பக்கத்துல நம்பர் பாத்தீங்களா? தொண்ணூத்தாறு. நான் இவ்ளோ தடவ செத்ததே இல்ல."

அந்த எண்ணை நான் மறந்தே போயிருந்தேன். ஆந்தை கேமில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் வரும். அந்த ஆள் இதுவரை எத்தனை முறை செத்தான் என்ற கணக்கு அது. என் தொண்ணூற்றாறு சாவும் அங்கே பளிச்சென்று நின்றது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாக்கு, பேட்டரி, ஆட்டோ, டீ, ஆறு மணி எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பழசுல மம்மி பக்கத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"ஞாபகம் இல்ல சார். பேரு மட்டும்தான் பாத்தேன்."

"மம்மி பாத்தாங்களா? பழச?"

"இல்ல. அவுங்க வர்றதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன்."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நான் மம்மின்னு பேரு போட்டது கூட ஆடறதுக்கு இல்ல பிரதர். டியூட்டி போய்ட்டு வந்து திட்டுவாங்க, அடிப்பாங்க. அப்போ அந்தப் பேர எடுத்து, மொத குகையில ராட்சசன் வருவான் பாருங்க, அவன் முன்னாடி கொண்டுபோய் நிக்கவெச்சிட்டு கைய எடுத்துடுவேன். சாவற வரைக்கும் பாப்பேன். மறுபடியும் நிக்கவெப்பேன். நூத்தி எழுவதோ எண்பதோ. ஒரு நாள் வீட்டுக்கு வந்தா கேம் இல்ல. மம்மி அந்த நம்பரப் பாத்துட்டாங்க, அதான் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். பரீட்சைக்காகன்னு அவங்க சொன்னத நான் நம்பவே இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்ககிட்ட ஒண்ணு கேக்கறது? இப்போ போன்ல அந்தக் கேசட் கெடச்சிருச்சுன்னு சொன்னப்போ எனக்கு டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடலாமான்னு இருந்துச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். "நேத்து மம்மிதான் போட்டாங்க. நான் கண்ண மூடிக்கினேன். தொறந்தா, மம்மி பக்கத்துல சைபர்."

இருபத்தைந்து வருடமாக இவர் அவருக்குப் பயந்து, அவர் இவருக்குப் பயந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "சிஸ்டர்கிட்ட சொல்லப் போறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லணும். எப்பன்னு தெரியல."

அவர் ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சிஸ்டர் போன் செய்தார். டிவியில் சத்தம் வரவில்லையாம். போனேன். ஒயரைச் சரியாகச் செருகினேன், சத்தம் வந்தது. சிஸ்டர் தரையில் பாய் போட்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளரில் செல்போனைச் சாய்த்து டிவியைப் பார்த்தபடி வைத்திருந்தார். வீடியோ கால். போனுக்குள் மகன்.

சிஸ்டர் மம்மியை எடுத்து ஆட ஆரம்பித்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் பத்தொன்பது.

"தம்பி, இது இன்னா நம்பரு? மொதல்ல சைபரா இருந்துச்சு. நா ஆட ஆட ஏறிக்கினே போவுது."

டிவி பக்கத்தில் நின்றபடி நான் போனைப் பார்த்தேன். போனில் அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். யாரும் பதில் சொல்லாததைச் சிஸ்டர் கவனிக்கவில்லை. திரையில் முதல் குகை வந்துவிட்டது. எதிரே அந்த ராட்சசன் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தான். பயத்தில் சிஸ்டருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கன்ட்ரோலரிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"பின்னாடி வா!" போனுக்குள்ளிருந்து மகன் கத்தினார். "கைய எடுக்காத, அமுக்கு! பின்னாடி வா மம்மி, பின்னாடி வா! செத்துடாத மம்மி, செத்துடாத!"